உப்புத் தண்ணீர் ஊரில் கீசர் காயில் மாற்றுவது

தர்மபுரியில் எங்கள் வீட்டு 15 லிட்டர் கீசருக்கு இதுவரை மூன்று முறை என் கையாலேயே, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை மாற்றியிருக்கிறேன். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர்தான். அதைச் சூடாக்கினால் அதிலிருக்கும் சுண்ணாம்பு பிரிந்து, எது அதிகம் சூடாக இருக்கிறதோ அதன்மேல் போய் ஒட்டும். கீசருக்குள் அது காயில்தான். உப்பு தடிக்கத் தடிக்க, சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி வெந்து அறுந்துவிடும்.

மார்கழிக் காலையில் தண்ணீர் சூடாகவில்லை என்றதும் காயில் வாங்க ஓடாதீர்கள். மெயின் போர்டில் கீசருக்குப் போகும் எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு அடிமூடியைக் கழற்றுங்கள். பல கீசர்களில், சூடு மீறினால் கரன்டை நிறுத்தும் கட்-அவுட்டில் ஒரு குட்டி சிவப்பு பட்டன் இருக்கும். அது துள்ளி வெளியே வந்திருந்தால் அழுத்திவிட்டாலே சில சமயம் சரியாகிவிடும்.

அடுத்து மல்டிமீட்டர். வயர்கள் எது எங்கே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, காயிலின் இரண்டு முனைகளையும் விடுவித்து ஓம் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் காயில் என்றால் 26 ஓம் அளவுக்குக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. பிறகு ஒரு முனைக்கும் கீசரின் இரும்புக்கும் இடையே பாருங்கள். அங்கே ஏதாவது காட்டினால் காயிலின் செப்புக் குழாய் வெடித்து, கரன்ட் தண்ணீரில் கசிகிறது. ஸ்விட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுகிறதே, அது இதனால்தான். வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லை, எர்த் சரியில்லை என்றால் இந்த வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். குழந்தைகள் ஈர உடம்போடு தொடுகிற சாமான் இது.

தண்ணீர் ஆறிய பிறகு, கீசருக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடி, சுடுதண்ணீர் குழாயைத் திறந்துவைத்துவிட்டு, கீழே பச்சைத் தண்ணீர் ஏறும் பைப்பை, தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத ‘நான்-ரிட்டர்ன்’ வால்வோடு கழற்றுங்கள். பக்கெட்டை முன்னாலேயே வைத்துவிடுங்கள்.

காயில் பொருத்தியிருக்கும் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தி இறக்கினால் காயில் வெளியே வரும். எங்கள் வீட்டில் முதல்முறை வந்தபோது அது காயில் மாதிரியே இல்லை, வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியாக இருந்தது. தட்டினால் முட்டை ஓடு போல உதிர்ந்தது. டேங்க் அடியில் கிடந்ததை மட்டும் இரண்டு கை நிறைய அள்ளினேன். அந்தத் தூளை விட்டுவிட்டுப் புதுக் காயிலைப் போட்டால் பாதி வேலைதான் முடிந்த மாதிரி.

பக்கத்தில் நிற்கும் மெக்னீசியம் ராடையும் பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக்கொள்கிற ராடு அது. கம்பி மாதிரி மெலிந்திருந்தால் கையோடு மாற்றிவிடுங்கள். பிளேட்டுக்கும் டேங்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் கேஸ்கட் கட்டாயம் புதிது போடுங்கள். பழையதைத் திருப்பிப் போட்டால் சொட்டு நிற்காது. கடைக்குப் போகும்போது பழைய காயிலையே எடுத்துப் போங்கள். வாட் மட்டும் சொன்னால் துளை பொருந்தாத பிளேட்டோடு திரும்பி வருவீர்கள்.

மாட்டி முடித்த உடனே ஸ்விட்சில் கை வைக்கக் கூடாது. நான் வைத்தேன். ஆங்கிள் காக் அரைகுறையாகத் திறந்திருந்தது, டேங்கில் தண்ணீரே ஏறவில்லை. புதுக் காயில் சில நிமிடத்தில் போய்விட்டது. ஆசையாக வாங்கி வந்ததை அன்றே குப்பையில் போட்டது இன்னும் வலிக்கிறது. சுடுதண்ணீர் குழாயைத் திறந்துவையுங்கள். முதலில் காற்று சீறும், விட்டு விட்டு வரும். தாரை நிலையாக விழுந்த பிறகுதான் டேங்க் நிறைந்தது என்று அர்த்தம். கேஸ்கட்டைச் சுற்றிக் காய்ந்த செய்தித்தாளை ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் வயர்களைப் படத்தில் உள்ளபடி இறுக்கி, மூடியைப் போட்டுவிட்டு ஸ்விட்சைப் போடலாம்.

இப்போது ஒவ்வொரு ஐப்பசியிலும் காயிலை வெளியே எடுத்து, எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைக்கிறேன். நுரைத்துக்கொண்டு சுண்ணாம்பு விடும். கழுவி, புதுக் கேஸ்கட்டோடு மாட்டி, கீசரின் பக்கவாட்டில் மார்க்கரால் தேதி எழுதிவிடுகிறேன்.