முதல் கேம் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க ஒரு மாம்பழச் சோதனை

யூனிட்டியா, கோடோவா, அன்ரியலா என்று கேம் எஞ்சின்களை (கேம் செய்ய உதவும் மென்பொருள்களை) ஒப்பிடும் வீடியோக்களை ஒரு மாதம் பார்த்தாலும் முடிவுக்கு வர முடியாது. எது ஒத்துவரும் என்பதை உங்கள் லேப்டாப்பும், நீங்கள் செய்ய நினைக்கும் கேமும், அதை அடுத்தவர் போனில் திறந்து காட்டும் கடைசிப் படியும்தான் சொல்லும். ஆகவே ஒரே குட்டி கேமை இரண்டு எஞ்சின்களில் செய்து பாருங்கள். எஞ்சினுக்கு ஒரு வார இறுதி போதும். வேரியபிள், இஃப், லூப் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மெஷின்

8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றால் அன்ரியல் 5-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதற்கு 32 ஜிபி ராமைப் பரிந்துரைக்கிறார்கள். யூனிட்டி ஓடும்; ஆனால் எடிட்டரும் ஆண்ட்ராய்டு மாட்யூலும் சேர்ந்து பல ஜிபி இடம் கேட்கும். கோடோ ஒரு சின்ன ஜிப் ஃபைல். இன்ஸ்டால் கிடையாது, பிரித்து அப்படியே ஓட்டலாம்.

கோடோவில் புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரர் (காட்சியைத் திரையில் வரையும் பகுதி) எது என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு 'கம்பாட்டிபிலிட்டி'யை எடுங்கள். மற்ற இரண்டும் வல்கன் போன்ற புதிய கிராபிக்ஸ் இடைமுகங்களை (கிராபிக்ஸ் சிப்போடு பேசும் வழிகளை) நம்பியிருப்பவை. இன்டெல் 6ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் வல்கன் டிரைவரே இல்லை. பிரவுசரில் ஓட்டுவதற்கும் கம்பாட்டிபிலிட்டிதான் வேண்டும்.

படி 2: கேமை ஒரே வரியில் எழுதுங்கள்

கதை சொல்லி, இடையில் தெரிவுகள் தரும் கேம் என்றால் ரென்பை போதும்; பெரிய எஞ்சினே தேவையில்லை. புரோகிராம் கோடு எழுதவே விருப்பமில்லை என்றால் ஜிடெவலப். 2டி என்றால் கோடோ. 3டியோடு மொபைல் ஸ்டுடியோ வேலையும் மனதில் இருந்தால் யூனிட்டி. அதன் மொழியான சி ஷார்ப் கற்றது வேறு இடத்திலும் உதவும்.

லைசென்ஸ் கவலையை இந்தக் கட்டத்தில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். கோடோ எம்ஐடி லைசென்ஸ், யாருக்கும் எதுவும் தர வேண்டாம். யூனிட்டி பெர்சனல் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை இலவசம். அன்ரியலில் ஒரு கேம் 10 லட்சம் டாலர் தாண்டிய பிறகுதான் 5% ராயல்டி. 2023 செப்டம்பரில் யூனிட்டி இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவித்து, ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டது. இன்னும் பலர் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பது அதனால்தான்.

படி 3: சோதனை கேம்

மேலிருந்து மாம்பழம் விழ வேண்டும், விரல் போகும் பக்கம் கூடை போக வேண்டும், 30 விநாடி, ஸ்கோர், முடிவில் 'வெற்றி' என்ற சொல். அவ்வளவுதான். மெனு, சத்தம், அனிமேஷன் எதுவும் வேண்டாம். படத்துக்குப் பதில் வண்ணச் சதுரம் போதும்.

கோடோவில் கேமைக் கட்டும் துண்டுகளுக்கு நோட் என்று பெயர். கூடைக்கு ஒரு ஏரியா2டி (மேலே எதாவது பட்டால் சொல்லும் நோட்), பழத்துக்குத் தனி சீனில் இன்னொரு ஏரியா2டி. இரண்டுக்குள்ளும் மோதும் எல்லையைக் குறிக்க ஒரு கொலிஷன்ஷேப்2டி. இல்லாவிட்டால் மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கும். அந்த நோடைச் சேர்த்தாலும் முக்கோணம் போகவில்லையா? வலப்பக்கம் 'ஷேப்' இன்னும் காலியாக இருக்கும், அதில் செவ்வகத்தைத் தேர்ந்தெடுங்கள். 0.8 விநாடி டைமர் ஒவ்வொரு முறையும் ஒரு பழத்தை உருவாக்கட்டும்.

விழும் வேகத்தை எழுதும்போது 300-ஐ (விநாடிக்கு 300 பிக்சல்) டெல்டாவால் (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரம்) பெருக்க மறக்காதீர்கள். மறந்து, ஃபிரேமுக்கு 5 பிக்சல் என்று எழுதினால் 60 ஹெர்ட்ஸ் லேப்டாப்பில் சரியாகத் தெரியும். 120 ஹெர்ட்ஸ் போனில் பழம் இரட்டை வேகத்தில் விழும். இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. நடக்கும் கேரக்டரை நகர்த்த கோடோவின் 'மூவ் அண்ட் ஸ்லைடு' கட்டளையைப் பயன்படுத்தினால் அது டெல்டாவைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். நீங்களும் பெருக்கினால் கேரக்டர் நத்தை மாதிரி நகரும்.

திரைக்குக் கீழே போன பழத்தை 'க்யூ ஃப்ரீ' செய்து அழித்துவிடுங்கள். இல்லையென்றால் மெமரியில் சேர்ந்துகொண்டே போகும்.

படி 4: தமிழ் எழுத்து

இந்தப் படிதான் பலரைக் கவிழ்க்கும். ஒப்பீட்டு வீடியோக்களில் இது வருவதில்லை. 'வெற்றி' என்ற சொல்லில் கொம்பு வகரத்துக்கு முன்னால் தெரிகிறது. ஆனால் யூனிகோடில் அது வகரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அந்த வேலையைச் செய்வதில்லை. கொம்பு வகரத்தைத் தாண்டிப் போய் றகரத்துக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். நல்ல எழுத்துருவை மாற்றிப் போட்டாலும் சரியாகாது. பாமினி வகைப் பழைய எழுத்துருவில் கொம்பைத் தனியாக முன்னால் அடிப்பதால் அங்கே தப்பிக்கலாம், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை.

கோடோ 4 இதைச் சரியாகச் செய்யும் (3 செய்யாது). ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கோடோவோடு வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. கணினியில் ஓட்டும்போது விண்டோஸின் தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டிவிடும், எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். பிரவுசரில் அந்தக் கடன் கிடைக்காது, வெறும் கட்டங்கள்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு ஃபைலை ப்ராஜெக்ட் ஃபோல்டரில் போட்டு, ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், ஜியூஐ, தீம், 'கஸ்டம் ஃபான்ட்' என்ற இடத்தில் அதைக் கொடுங்கள்.

படி 5: அடுத்தவர் போனில் திறப்பது

ஏபிகே (ஆண்ட்ராய்டு இன்ஸ்டால் ஃபைல்) வேண்டாம், பிரவுசரில் ஓடும் வெப் எக்ஸ்போர்ட் போதும். கோடோவில் முதலில் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டுகளை இறக்க வேண்டும். அவற்றின் பதிப்பும் எடிட்டரின் பதிப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஃபைலுக்கு 'இண்டெக்ஸ்' என்றே பெயர் வையுங்கள். ஃபோல்டரை அல்ல, அதற்குள் இருக்கும் ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து ஜிப் செய்து, கேம்களைப் பகிரும் தளமான இட்ச்.ஐஓ-வில் ஏற்றுங்கள். உங்கள் கணினியில் உள்ள இண்டெக்ஸ் ஃபைலை இருமுறை கிளிக் செய்து சோதிக்காதீர்கள், பிரவுசர் தடுத்துவிடும். 4.3-க்கு முந்தைய பதிப்பில் இட்ச் பக்கத்தில் 'ஷேர்டு அரே பஃபர்' வசதியையும் இயக்க வேண்டும். யூனிட்டியில் லோடிங் பட்டையிலேயே நின்றுவிட்டால், பப்ளிஷிங் செட்டிங்ஸில் 'டிகம்ப்ரெஷன் ஃபால்பேக்' டிக் செய்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

இரண்டு எஞ்சின்களிலும் இதுவரை வந்துவிட்டால், எதில் வேகமாக முடிந்தது என்று பார்க்காதீர்கள். எதில் மாட்டிக்கொண்டபோது பிழைச் செய்தியைப் படித்து நீங்களாகவே வெளியே வந்தீர்களோ, அதை எடுங்கள்.

பின்சேர்க்கை: பழைய பாடங்கள்

கோடோ பாடத்தைப் பார்த்து அப்படியே அடித்தும் சிவப்பு வரி வருகிறதா? அனேகமாக அது பதிப்பு 3-க்கான பாடம். 'கைனமேட்டிக்பாடி2டி' இப்போது 'கேரக்டர்பாடி2டி'. 'யீல்டு' போய் 'அவெய்ட்' வந்துவிட்டது. 'எக்ஸ்போர்ட்', 'ஆன்ரெடி' இரண்டுக்கும் முன்னால் மின்னஞ்சலில் வரும் அந்தச் சுழிக்குறி (@) வேண்டும். 4.0 வெளியானது 2023 மார்ச்சில். வீடியோவின் தேதி அதற்கு முந்தையது என்றால் மூடிவிட்டு வேறு தேடுங்கள்.