அத்தை ஏன் அந்தரத்தில் நிற்கிறார்? இரண்டு படங்களை ஒன்றாகக் கலக்கும் முறை

அத்தையின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பேனர் செய்தேன். கல்யாண மண்டபத்தில் எடுத்த அவர் படத்தை வெட்டி, பினாங்கு ஜார்ஜ்டவுன் குவீன் ஸ்ட்ரீட்டில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலின் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தினேன். சித்தப்பா பார்த்துவிட்டு, “ஏன்டா, அக்கா அந்தரத்துல நிக்குது?” என்றார்.

வெட்டியதில் குறையில்லை. ஒளியும் அளவும்தான் பொருந்தவில்லை. அதே பேனரை வைத்துத் திருத்திப் பார்ப்போம். போட்டோஷாப் இல்லையென்றால் பிரவுசரில் இலவசமாக ஓடும் போட்டோபீ போதும்.

படி 1: வெயில் எந்தப் பக்கம்?

மென்பொருளைத் திறக்கும் முன் இரண்டு படங்களிலும் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கோபுரத்தில் வெயில் இடப்பக்கம். அத்தை முகத்தில் வெளிச்சம் வலப்பக்கம். சரி, அத்தையை இடவலமாகப் புரட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது! பாட்டி ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டார். கோபுரத்தைப் புரட்டலாமா என்றால், கடைப் பலகையெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறிய எழுத்தாகிவிடும். கடைசியில் மேகமூட்டமான நாளில் போய்க் கோபுரத்தை மறுபடி எடுத்தேன். அந்த வெளிச்சத்துக்குத் திசை அவ்வளவாகக் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் வசதி. நம் ஊர் உச்சி வெயில் தலைக்கு மேலேயே நின்று கண்குழியைக் கறுப்பாக்கிவிடும். அதோடு மண்டபப் படம் ஒட்டவே ஒட்டாது.

படி 2: கண் கோடு

நின்றபடி எடுத்த படத்தில், சமதரையில் நம் உயரமுள்ளவர் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் கண்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். தெருவில் நடப்பவர்களின் கண் வழியாக ஒரு கைடு கோடு (அளவு பார்க்க மட்டும், படத்தில் அச்சாகாது) போடுங்கள். அத்தை என்னைவிடக் குள்ளம், ஆகவே அவர் கண்ணைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்தேன். இனி அவரைப் பெரிதாக்கினால் பாதம் கீழே இறங்கும், அதாவது கேமராவுக்குப் பக்கத்தில் வருகிறார். கோபுரம் நேராகத் தலைக்கு மேல் இருந்தால் கிரீடம் போலத் தெரியும். அத்தையை ஓரமாக நகர்த்துங்கள்.

படி 3: அழிக்காதீர்கள், மறையுங்கள்

அழிப்பானைத் தொடவே வேண்டாம். அத்தை இருக்கும் லேயருக்கு (படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள் போன்றது) லேயர் மாஸ்க், அதாவது ஒரு மறைப்பு, போடுங்கள்: அதில் பூசும் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், தவறினால் எக்ஸ் விசையை அழுத்தி நிறத்தை மாற்றித் திரும்பப் பூசலாம். முடிக்கு மென்மையான பிரஷ், தோளுக்கும் வளையலுக்கும் கடினமான பிரஷ். எல்லா இடத்துக்கும் மென்மையானதைப் போட்டால் ஆளைச் சுற்றிப் பனி படர்ந்த மாதிரி இருக்கும். மல்லிகைச் சரத்தின் ஓரத்தில் மண்டபத் திரையின் மஞ்சள் ஒட்டியிருந்தது. மாஸ்க் விளிம்பை 1 பிக்சல் உள்ளே இழுத்ததும் போய்விட்டது.

படி 4: கறுப்பும் நிறமும்

எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு கறுப்பு வெள்ளை அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் (கீழே உள்ள படத்தைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்றுவது) வையுங்கள். நிறம் போனதும் உண்மை தெரியும்: அத்தையின் கூந்தல், தெருவின் எந்தக் கறுப்பைவிடவும் கறுப்பு. அவர் லேயரை மட்டும் பாதிக்கும்படி கிளிப் செய்த கர்வ்ஸில் (வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரு வளைகோட்டால் மாற்றும் கருவி) அந்தக் கறுப்பை லேசாக உயர்த்துங்கள். பிறகு அந்தக் கறுப்பு வெள்ளை லேயரை அணைத்துவிட்டு, கர்வ்ஸின் நீலச் சேனலைக் கொஞ்சம் ஏற்றினால் பல்பு மஞ்சள் தணியும்.

படி 5: நிழல்

அத்தைக்குக் கீழே புது லேயர், பிளெண்ட் மோடு (கீழே உள்ள லேயரோடு கலக்கும் விதம்) மல்டிப்ளை. இது இரண்டு லேயர்களின் வெளிச்ச மதிப்பைப் (0 கறுப்பு, 255 வெள்ளை) பெருக்கி 255-ஆல் வகுக்கும். 128-உம் 128-உம் சேர்ந்தால் சுமார் 64. அதனால் எப்போதும் இருட்டவே செய்யும், வெள்ளை பட்ட இடம் மாறாது. தூய கறுப்பு வேண்டாம். தெருவோரம் நிற்கும் மோட்டார்சைக்கிளின் அடியிலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேலைக் கரை தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய, அடர்ந்த கோடு. அதைச் சுற்றி 25 சதவீத ஒபாசிட்டியில் (அடர்த்தியில்) அகலமாக, மங்கலாக இன்னொன்று. இதைப் போட்டதும்தான் அத்தை தரையில் இறங்கினார்.

படி 6: கடைசியாக

100 சதவீத அளவில் பாருங்கள். ஒரு படம் புள்ளி புள்ளியாகவும் இன்னொன்று வழவழப்பாகவும் இருந்தால், வழவழப்பானதில் சிறிது நாய்ஸ், அதாவது புள்ளிகள், சேருங்கள்.

பேனர் கடைக்கு ஜேபெக் அனுப்பினாலும், லேயர்களோடு உள்ள கோப்பை அழித்துவிடாதீர்கள். பிறந்தநாளுக்கு முந்தின இரவு அத்தை கேட்டார்: “மாமாவ எங்கடா காணோம்?”