டேலியை ஆன்டிவைரஸ் வைரஸ் என்று பிடித்தால்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொத்தக் கடை. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி காலை, கணக்கு மென்பொருளான டேலியின் ஐகான் வெறும் வெள்ளைத் தாளாகத் தெரிந்தது. முந்தின நாள் அப்டேட்டில் வந்த டேலி.இஎக்ஸ்இ-யை ஆன்டிவைரஸ் குவாரண்டைனில், அதாவது தனியே பூட்டி வைக்கும் இடத்தில், போட்டிருந்தது. அதிகம் பேர் இன்னும் பயன்படுத்தாத புதுக் கோப்பு என்றால் அது சந்தேகப்படக்கூடும்.

ஆன்டிவைரஸை அணைக்கவே அணைக்காதீர்கள். டேலியின் சொந்தத் தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்கி, ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் போய்ப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் கையொப்பம் சரி என்ற வரியும் இருக்க வேண்டும். கிராக் செய்த டேலி என்றால் இங்கேயே நிறுத்துங்கள். அந்த எச்சரிக்கையைப் பொய் என்று நம்ப முடியாது.

சரியாக இருந்தால், முதலில் டேட்டா ஃபோல்டரை பென்டிரைவில் நகலெடுங்கள். பிறகு குவாரண்டைனில் ரீஸ்டோர் கொடுத்து, அந்தக் கோப்பிலும் கையொப்பத்தைப் பார்த்துவிட்டு, எக்ஸ்க்ளூஷனில் (ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விடும் பட்டியல்) அதை மட்டும் சேருங்கள். சி டிரைவ் முழுவதையும் சேர்ப்பது வாசலைத் திறந்துபோட்டுத் தூங்குவதுதான்.

அடுத்த கம்ப்யூட்டரில் லைசென்ஸ் கிடைக்கவில்லையா? லைசென்ஸ் இருக்கும் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலைப் பாருங்கள்: 9999 போர்ட்டுக்கு இன்பவுண்ட் (உள்ளே வரும் இணைப்பு) அனுமதி, பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும்.

ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு அந்த இஎக்ஸ்இ-யை அனுப்பித் தெரிவியுங்கள். கணக்கு டேட்டாவை அனுப்ப வேண்டாம். அவர்கள் திருத்திய அப்டேட் வந்ததும் எக்ஸ்க்ளூஷனை நீக்கிவிடுங்கள்.