இன்ஜின் போன காரை விற்பதா, சரிசெய்வதா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இன்ஜின் போய்விட்டது" என்று மெக்கானிக் சொன்ன உடனே வந்த விலைக்குக் காரைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு, எஸ்டிமேட் கூடக் கேட்காமல் பிரிக்கச் சொல்பவர்களும் உண்டு. இன்ஜினுக்குள் எது போனது என்பது தெரியாமல் இரண்டில் எதைச் செய்தாலும் நஷ்டம்தான். ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் சிலிண்டர்கள் உள்ள பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) மட்டும் போயிருந்தால், மேல்பாகத்தைக் கழற்றிச் செய்யும் வேலையோடு முடிந்துவிடலாம். ஆயில் இல்லாமல் ஓடி, பேரிங் தேய்ந்து, கிராங்க் ஷாஃப்ட்டில் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) கீறல் விழுந்திருந்தால் இன்ஜினையே கீழே இறக்க வேண்டியிருக்கும். ஆகவே முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று அளக்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்து, மடிப்புகளில் உலோகத் துகள்கள் மின்னுகின்றனவா என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

அதுவரை "ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே" என்ற ஆசை வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது அழுத்தத்துக்குச் சுருங்காது. செல்ஃப் அடித்த அடியிலேயே பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையக்கூடும்.

மிகப் பெரிய தவறு, என் கணிப்பில், கணக்கில்தான் நேர்கிறது. பழுதுபார்க்கும் செலவைப் பலரும் காரை வாங்கிய விலையோடும், அண்மையில் மாற்றிய டயர்களின் செலவோடும் ஒப்பிடுகிறார்கள். அந்தப் பணம் எப்படியும் போனதுதான். ஒரு கணக்குக்காக, நல்ல ஓட்டத்தில் 100 பெறும் கார், இன்றைய நிலையில் 35-க்குப் போகும் என்றால், பழுதுபார்ப்பதால் அதற்குக் கூடுகிற மதிப்பு 65 மட்டுமே. செலவு அதைத் தாண்டினால், விற்கும் நோக்கத்தில் சரிசெய்வதற்குப் பொருளில்லை. நீங்களே பல ஆண்டுகள் ஓட்டப்போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும்: அப்போது ஒப்பிட வேண்டியது, அதே தரமுள்ள வேறொரு காரை வாங்க ஆகும் தொகையோடு. கியர்பாக்ஸும் பாடியும் நன்றாக இருந்தால் மட்டுமே இந்த வாதம் நிற்கும்.

எஸ்டிமேட்டில் கிளட்ச், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் சுத்தம் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். இன்ஜின் சூடேறியதற்கு அடைபட்ட ரேடியேட்டரே காரணமாக இருந்து, அதை அப்படியே விட்டால் புதிய கேஸ்கட்டும் நிலைக்காது. பழைய இன்ஜினை வாங்கிப் பொருத்துவதாக இருந்தால், எழுத்தில் வாரன்ட்டி வாங்குங்கள். இன்ஜின் எண் மாறுவதால் பதிவு ஆவணத்தையும் திருத்த வேண்டியிருக்கலாம்.

விற்பதென்று தீர்மானித்தால், பிரித்துப்போட்ட நிலையில் விற்காதீர்கள். பாகங்கள் டிக்கியில் பெட்டிபெட்டியாகக் கிடக்கும் காருக்கு விலை பாதாளத்துக்கு இறங்கிவிடும். பழுதை மறைக்காமல், சோதனை அறிக்கையை வாங்குபவரிடம் காட்டி, விற்பனைச் சீட்டிலும் குறிப்பிட்டுவிடுங்கள்.