கர்ப்ப காலம், பிரசவம், பேறுக்குப் பிந்தைய ஆறு வாரம்: மருத்துவக் கவனிப்பைத் திட்டமிடுவது எப்படி?

கர்ப்பம் என்று தெரிந்ததும் முதலில் செய்ய வேண்டியது, கடைசியாக வந்த மாதவிடாயின் முதல் நாளை நினைவுபடுத்தித் தேதியோடு எழுதி வைப்பதுதான். அந்த நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்று கணக்கிட்டே பிரசவத் தேதியைக் குறிக்கிறார்கள். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாமே இந்த வாரக் கணக்கை ஒட்டித்தான் வருகின்றன. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கும் தேதி மறந்துபோனவர்களுக்கும் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் கைகொடுக்கும். அப்போது கருவின் நீளத்தை அளந்தே அதன் வயதைச் சில நாள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம். மாதம் ஏற ஏற இந்தத் துல்லியம் குறைந்துகொண்டே போகும். ஆகவே கடைசி மாத ஸ்கேன் வேறொரு தேதியைக் காட்டினாலும், தொடக்கத்தில் ஸ்கேன் பார்த்து உறுதிசெய்த தேதியை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் செக்கப்பை 12 வாரம் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கர்ப்ப காலத்தில் குறைந்தது எட்டு முறை மருத்துவப் பணியாளரைச் சந்திக்கச் சொல்கிறது: 12 வாரத்துக்குள் ஒருமுறை, பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40 ஆகிய வாரங்களில். முதல் சந்திப்பில் எதையும் மறைக்காமல் சொல்வது முக்கியம். முன்பு நடந்த கருச்சிதைவு, சிசேரியன், அதிக இரத்தப்போக்கு, சர்க்கரை நோய், வலிப்பு, தைராய்டு, இதய நோய், குடும்பத்தில் இரத்தம் உறையும் கோளாறு, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் என அனைத்தும் அதில் அடங்கும். சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வலிப்புக்கோ தைராய்டுக்கோ சாப்பிடும் மாத்திரையைத் தாமாகவே திடீரென்று நிறுத்துவது பெரும்பாலும் மருந்தைவிட அதிகக் கேடு செய்யும். மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஃபோலிக் அமிலம் கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உருவான நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாவதே ஏறக்குறைய அப்போதுதான். நாள்தோறும் 400 மைக்ரோகிராம் என்ற அளவு பெரும்பாலோருக்குப் போதும். முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு இருந்தாலோ, தாய் வலிப்பு மருந்து எடுத்துக்கொண்டாலோ அளவு பல மடங்கு கூடும் என்பதால் முன்கூட்டியே ஆலோசனை பெறுவது நல்லது.

முதல் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், இரத்தப் பிரிவு, சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை ‘பி’ ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்று வந்தால், குழந்தையின் பாசிட்டிவ் இரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்காமல் தடுக்கும் ‘ஆன்டி-டி’ ஊசியைப் பற்றி நீங்களே கேளுங்கள். வழக்கமாக 28-ஆம் வாரத்தை ஒட்டி ஒருமுறையும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் ஆக இருந்தால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் இன்னொரு முறையும் அது போடப்படும். இந்த ஊசி தவறினால் பாதிப்பு பெரும்பாலும் அடுத்த குழந்தைக்குத்தான் வரும். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள்ளும், கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கண்டறியும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் நடக்கும்.

ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, தேநீர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. இவற்றுக்கிடையே ஓரிரு மணி நேர இடைவெளி விட வேண்டும். மலம் கறுத்துப்போவதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம், அது இயல்பு. மலச்சிக்கலும் குமட்டலும் தாங்க முடியவில்லை என்றால் மாத்திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். வாங்கிய மாத்திரை அலமாரியிலேயே கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு செக்கப்பிலும் விட்டுவிடக் கூடாத ஒன்று இரத்த அழுத்தம். இருபது வாரத்துக்குப் பிறகு அது 140/90 அல்லது அதற்கு மேல் சென்று, சிறுநீரில் புரதமும் சேர்ந்து தெரிந்தால், ‘பிரீ-எக்லாம்ப்சியா’ என்னும் நிலையாக இருக்கலாம். முற்றினால் வலிப்பு, மூளையில் இரத்தக்கசிவு, ஈரல் பாதிப்பு வரை போகக்கூடிய இந்த நோய் தொடக்கத்தில் எந்தத் தொந்தரவும் தராமல் வளரும் என்பதால்தான், நன்றாக இருக்கிறேனே என்று நினைத்துச் செக்கப்பைத் தவிர்ப்பது ஆபத்தாகிறது. அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும்: ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னிக்கொள்ளாமல் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி வைத்து, பேசாமல் இருக்கும்போது அளக்க வேண்டும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். படியேறி மூச்சு வாங்க வந்தவுடனே எடுத்த அளவைப் பார்த்துக் கலங்காமல், சற்றுப் பொறுத்து மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். முந்தைய கர்ப்பத்தில் இந்த நோய் வந்தவர்களுக்கும், நாள்பட்ட இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் 12 வாரத்துக்குப் பிறகு குறைந்த அளவு ஆஸ்பிரின் தரும் வழக்கம் உண்டு. அது 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் நல்ல பலன் தரும்.

குழந்தையின் அசைவு முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்துக்குள் தெரியத் தொடங்கும். 28 வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கம் அமைந்துவிடுகிறது. எத்தனை முறை அசைய வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. வழக்கத்தைவிட அசைவு குறைந்ததாகத் தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. மாதம் நெருங்கிவிட்டால் இடம் போதாமல் குழந்தை அசைவதைக் குறைத்துக்கொள்ளும் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது தவறு. அசையும் விதம் மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது.

இரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்குதல் அல்லது பளிச்சிடுதல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மூச்சுத்திணறல், 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வரும் வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதியைப் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும். வலியே இல்லாத இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மறைத்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். வலி இல்லையே என்று அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கே பிரசவம், இரவில் வலி வந்தால் எந்த வண்டி, உடன் வருவது யார், இரத்தம் தேவைப்பட்டால் என்ன ஏற்பாடு என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடிவு செய்துவிடலாம்.

குறித்த தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. 37 முதல் 42 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வந்து, நடந்தாலோ படுத்தாலோ தணிந்துவிடும். மெய்யான பிரசவ வலி அப்படித் தணியாமல், இடைவெளி குறைந்துகொண்டே வந்து வலுவும் கூடும். இடைவெளியைக் கணக்கிடும்போது ஒரு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரை எண்ண வேண்டும். வலி நின்ற நேரத்திலிருந்து எண்ணினால் கணக்குத் தவறும். முதல் பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரமாகத் தொடர்ந்து வந்தால் கிளம்பலாம். இரண்டாவது, மூன்றாவது பிரசவமாக இருந்தாலோ வீடு தொலைவில் இருந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். நீரோடு தொப்புள்கொடியும் வெளியே தெரிந்தால், அதைத் தொடாமல், தாய் முழங்காலையும் மார்பையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தியபடி இருக்க, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் விரியும் வரை பிரசவம் மெதுவாகத்தான் நகரும். அந்தக் கட்டத்துக்கு இவ்வளவு நேரம் என்ற வரையறை இல்லை. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை 2018-இல் உலக சுகாதார நிறுவனம் கைவிட்டது. தாயும் குழந்தையும் நலமாக இருக்கும்போது, அந்த வேகம் இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து வலியைத் தூண்ட வேண்டியதில்லை என்கிறது அது. பிரசவ அறையில் விருப்பமான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது, நடப்பது, நீர் அருந்துவது, வசதியான நிலையில் இருப்பது ஆகியவற்றைத் தாராளமாகக் கேட்கலாம். எல்லோருக்கும் வழக்கமாகப் பிறப்புவாயை வெட்டித் தையல் போடுவதும், வயிற்றின் மேல் அழுத்திக் குழந்தையைத் தள்ளுவதும் பரிந்துரைக்கப்படாதவை. அதே சமயம், குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று மருத்துவர் சொல்லிச் சிசேரியன் தேவை என்றால், சுகப்பிரசவம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் நேரம் அது அன்று.

குழந்தை பிறந்ததும் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள். கருப்பை சுருங்கி இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த அது உதவும். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் குழந்தைக்குக் கூடுதலாக இரத்தமும் இரும்புச்சத்தும் சேரும். பிறகு குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கிடத்தி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். அளவில் கொஞ்சமாகத் தெரிந்தாலும் முதல் நாள் வயிற்றுக்கு அதுவே போதும்.

என் பார்வையில், பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். ஒன்பது மாதம் தாயையே சுற்றி வந்த கவனம் முழுவதும் சட்டென்று குழந்தை பக்கம் திரும்பிவிடுகிறது. ஆனால் தாய்க்கான பெரிய ஆபத்துகளில் பல, பிரசவத்துக்குப் பிந்தைய மணி நேரங்களிலும் முதல் சில நாட்களிலும்தான் வருகின்றன. இயல்பான பிரசவமானாலும் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருப்பது நல்லது. அந்த நேரத்தில் செவிலியர் அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பது கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று அறியத்தான். தொப்புள் மட்டத்தில் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டிய அது, பிசைந்த மாவைப் போல மெத்தென்று இருந்தால் சுருங்கவில்லை என்று பொருள்; இரத்தம் கொட்டத் தொடங்க அதிக நேரமாகாது. நிறைந்த சிறுநீர்ப்பையும் கருப்பையைச் சுருங்கவிடாது, ஆகவே ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுவதும் நனைந்தாலோ பெரிய கட்டிகள் விழுந்தாலோ அது ‘அழுக்கு இரத்தம் போகிறது’ என்று விட்டுவிடக் கூடிய விஷயம் அன்று. இயல்பான போக்கு முதல் சில நாள் சிவப்பாக இருந்து, பிறகு பழுப்பாகி, வெளிறி, நான்கு முதல் ஆறு வாரத்தில் நிற்கும்.

துர்நாற்றத்தோடு கூடிய போக்கு, காய்ச்சல், தையலில் சீழ் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் அவசரம். பிரீ-எக்லாம்ப்சியா பிரசவத்தோடு முடிந்துவிடுவதில்லை, பிரசவத்துக்குப் பிறகே புதிதாகவும் தலைகாட்டலாம். எனவே கடுமையான தலைவலியைத் தூக்கமின்மையின் மேல் போட்டுவிடாமல் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் நேர்வது, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். அதைத் தாண்டியும் சோகமும், எதிலும் நாட்டமின்மையும், குழந்தையிடம் ஒட்டாமையும் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம், இல்லாத குரல் கேட்பது, உறக்கமே இல்லாத பரபரப்பு ஆகியவை தெரிந்தால் தாயைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மார்பில் பால் கட்டிக்கொண்டு, சிவந்து, காய்ச்சல் வந்தால் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. தொடர்ந்து கொடுப்பதே நிவாரணம், தேவைப்பட்டால் மருத்துவர் ஆன்டிபயாடிக் தருவார். குழந்தை ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். முதல் 24 மணி நேரத்துக்குள் தோன்றும் மஞ்சள் நிறம், பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிடுவது ஆகியவற்றுக்குக் காத்திருப்பே கூடாது.

முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு, மூன்றாம் நாளை ஒட்டியும், இரண்டாம் வாரத்திலும், ஆறாம் வாரத்திலும் தாயும் குழந்தையும் பரிசோதனைக்குப் போக வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கர்ப்பத்தில் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், எத்தனை ஆண்டு கழித்து எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும். மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே மறுபடியும் கரு தங்கிவிடக்கூடும் என்பதால் கருத்தடை முறையை ஆறாம் வாரம் வரை தள்ளிப்போடாமல் முன்பே பேசிவிடுவது நல்லது. அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி விடச் சொல்கிறார்கள். காப்பர்-டி தேவைப்படுவோர் அதைப் பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கான சம்மதத்தை வலி எடுப்பதற்கு முன்பே, செக்கப்பின்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.