தோண்டுவதற்கு முன்: பழைய வீட்டின் கழிவுநீர்க் குழாயைக் கண்டுபிடித்துச் சோதிப்பது

பழைய வீடுகளில் கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதற்கு வரைபடம் அநேகமாக இருக்காது. இருந்தாலும் நம்ப முடியாது. கட்டும்போதே கொத்தனார் வழியை மாற்றியிருப்பார். பின்னால் ஒரு பாத்ரூம் கூடியிருக்கும். குழாயைத் திறந்து பார்ப்பதற்கான தொட்டி, அதாவது சேம்பர், அதன் மூடிக்கு மேல் யாரோ டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். அடைப்பு வந்ததும் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள், 'உள்ளே உடைந்திருக்கிறது' என்று தெரிகிறது, அதோடு சரி. எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லாத படத்தை வைத்துக்கொண்டு முற்றம் முழுவதையும்தான் தோண்ட வேண்டிவரும். அதனால் இங்கே அந்த 'எங்கே'வுக்குத்தான் அதிக இடம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எந்தக் காரணத்துக்காகவும் சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறங்காதீர்கள். தலையையும் உள்ளே நீட்டாதீர்கள். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். 'நாற்றம் நின்றுவிட்டது' என்பது ஆபத்து நீங்கியதற்கு அடையாளம் அல்ல, கூடியதற்கும் அடையாளமாக இருக்கலாம். மூடியைத் திறந்து அரைமணி நேரம் விடுங்கள். பீடி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம், மீத்தேனும் இருக்கும். இந்தப் பதிவில் உள்ள எல்லா வேலையும் மேலே நின்று செய்வதுதான்.

படி 1: மூடிகளைத் தேடுங்கள்

குழாய் திரும்பும் இடத்திலும் கிளை சேரும் இடத்திலும் சேம்பர் இருக்க வேண்டும் என்பதே பொது வழக்கம். கழிவறையின் வெளிச்சுவரில் ஏறும் வென்ட் பைப்பிலிருந்து தொடங்கி, சமையலறைக்கு வெளியே இருக்கும் கல்லி டிராப் (நாற்றம் திரும்பி வராதபடி நீர் தேங்கி நிற்கும் சிறு தொட்டி), கடைசியாகத் தெருப் பக்கம் என்று நடந்து பாருங்கள். டைல்ஸைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டினால் மூடி இருக்கும் இடம் கூடு போல ஒலிக்கும். இரும்பு மூடி என்றால் மெட்டல் டிடெக்டர் போதும். மண்ணைக் குத்திப் பார்க்கும் இரும்புக் கம்பி எனக்குப் பிடிக்காத கருவி. மூடியைத் தேட மேலாகக் குத்தலாம். குழாயைத் தேடி ஓங்கிக் குத்தினால் பழைய மண் குழாய் உடையும், மின்கேபிள் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு சேம்பர் கிடைத்துவிட்டால் அடுத்தது எந்தத் திசை என்பதை அதுவே சொல்லும். நேரான ஒரு நீளக் கம்பைக் குழாயின் வாய்க்குள் ஒரு முழம் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு நேர்மேலே இரண்டு இடத்தில் தூக்குக்குண்டு பிடித்து, அந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்துத் தரையில் நூல் கட்டுங்கள். நூல் போகும் வழியில்தான் குழாயும் போகும், அடுத்த வளைவு வரை. கூடவே மூடி மட்டத்திலிருந்து குழாயின் அடிமட்டம் எவ்வளவு கீழே என்று டேப்பால் அளந்து எழுதுங்கள். இந்த எண் பிறகு மிகவும் தேவைப்படும்.

படி 2: சாயம்

எந்த பாத்ரூம் எந்த சேம்பருக்கு வருகிறது என்று அறிய ஃபுளோரசீன் சாயம் நல்லது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை போதும். அள்ளிப் போட்டால் நாள் முழுக்கப் பச்சையாகவே வரும், அடுத்த சோதனை செய்ய முடியாது. ஒரு நேரத்தில் ஓர் இடம் மட்டும். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் சேம்பரைப் பார்க்க வேண்டும். மொட்டைமாடி மழைநீர்க் குழாயிலும் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள், அதைக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்துவிட்ட வீடுகள் நிறைய. சாயம் எந்த சேம்பருக்கும் வரவில்லை என்றால் நீங்கள் கண்டுபிடிக்காத சேம்பர் ஒன்று இருக்கிறது, அல்லது தண்ணீர் மண்ணுக்குள் போகிறது.

படி 3: கேமரா

செல்போனில் மாட்டும் மெல்லிய ஒயர் கேமரா வேண்டாம். ஒயர் துவண்டுவிடும், முதல் வளைவுக்கு மேல் தள்ள முடியாது. விறைப்பான ஃபைபர் கம்பியில் வரும் கேமராவை வாடகைக்கு எடுங்கள். மூன்று வசதிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்: தலைக்குள் சோண்ட் என்ற சிறு டிரான்ஸ்மிட்டர், கம்பி எவ்வளவு உள்ளே போனது என்று காட்டும் கவுன்ட்டர், படம் தலைகீழாகாமல் தானே நிமிரும் வசதி. மூன்றாவது இல்லாவிட்டால் விரிசல் மேல்புறமா அடிப்புறமா என்று குழம்பிவிடுவீர்கள். 4 அங்குலக் குழாய்க்கு ஏறத்தாழ ஓர் அங்குலத் தலை போதும். அதன்மேல் மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், லென்ஸ் சகதியில் இழுபடாது.

தண்ணீர் நிறைந்து நிற்கும் குழாயில் கேமராவை விடாதீர்கள். முதலில் அடைப்பை எடுங்கள், நல்ல தண்ணீர் ஓடவிடுங்கள், பிறகு பாருங்கள். கழிவறைக் கோப்பை வழியாகவும் விட வேண்டாம். அதன் டிராப் வளைவில் மாட்டும். மேல் சேம்பரிலிருந்து நீர் போகும் திசையில் தள்ளுவதே எளிது. கையால் தள்ளிப் போகவில்லை என்றால் நிறுத்துங்கள். உள்ளே போகும்போது வேகமாகப் போய், திரும்ப இழுக்கும்போது நிதானமாகப் பதிவு செய்யுங்கள். இழுக்கும்போது தலை ஆடாது, படம் தெளிவாக இருக்கும்.

கவுன்ட்டரைக் குழாயின் வாயில் பூஜ்யமாக்குங்கள். ஆனாலும் அதை முழுதாக நம்ப வேண்டாம்: ஈரக் கம்பியில் சக்கரம் வழுக்கும், கம்பி உள்ளே நெளிந்தும் கிடக்கும். பழைய மண் குழாய் என்றால் ஒரு நல்ல வழி உண்டு. ஒரு துண்டின் நீளம் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் (75, 90 அளவும் உண்டு). முதல் ஐந்து இணைப்புகளைக் கவுன்ட்டரோடு ஒப்பிட்டு உங்கள் குழாயின் துண்டு அளவு எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதன்பின் இணைப்புகளை எண்ணினாலே தூரம் கிடைக்கும்.

படி 4: மேலிருந்து பிடிப்பது (எல்லாரும் தவறுவது இங்கேதான்)

கேமராவைக் கோளாறு உள்ள இடத்தில் நிறுத்தி, சோண்டை ஆன் செய்து, மேலே லொக்கேட்டரோடு (சோண்டின் சிக்னலைப் பிடித்துச் சத்தமாகக் காட்டும் கைக்கருவி) தேடுகிறோம். வார்ப்பிரும்புக் குழாய் என்றால் 512 ஹெர்ட்ஸ் சோண்ட்தான் வேண்டும். 33 கிலோஹெர்ட்ஸ் இரும்பைத் தாண்டி வெளியே வராது. மண் குழாய்க்கும் பிவிசிக்கும் மட்டுமே அது ஆகும்.

முக்கியமான விஷயம்: ஒரே சோண்டுக்கு மேலே மூன்று இடத்தில் சத்தம் வரும். ஒற்றை ஆன்டெனா உள்ள லொக்கேட்டரைத் தரையை ஒட்டி, படுக்கை வாக்கில், குழாய்க்கு இணையாகப் பிடித்து நடந்தால், முதலில் ஒரு சிறிய ஏற்றம், பிறகு சத்தமே இல்லாத ஒரு புள்ளி, பிறகு நடுவில் பெரிய ஏற்றம், மறுபடி சத்தமில்லாத புள்ளி, மறுபடி சிறிய ஏற்றம் என்று வரும். நடுவில் இருப்பதுதான் அசல். இரு பக்கமும் இருப்பவை போலி. பலம் அசலில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் சென்சிடிவிட்டி திருகைக் கூட்டி வைத்திருந்தால் மூன்றும் ஒன்றுபோலக் கத்தும். ஒரு மீட்டர் ஆழக் குழாயில் போலி ஏற்றம் அசலிலிருந்து சுமார் 1.2 மீட்டர் தள்ளி இருக்கும். முதலில் கேட்ட சத்தத்துக்கே ஆணி அடித்துவிட்டுத் தோண்டினால், குழி வெட்டி முடித்த பிறகும் உடைப்பு கண்ணில் படாது.

ஆகவே திருகைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். போலிகள் அடங்கி, ஓர் இடம் மட்டும் மிஞ்ச வேண்டும். அங்கே நின்று லொக்கேட்டரைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். சத்தம் உச்சத்துக்குப் போகும் திசைதான் குழாயின் திசை. குழாய்க்குக் குறுக்காகவும் நகர்த்தி உச்சத்தைத் துல்லியமாக்கிக் குறியிடுங்கள்.

இப்போது திருகை மறுபடி கூட்டி, முன்னும் பின்னும் உள்ள சத்தமில்லாத இரண்டு புள்ளிகளையும் குறியுங்கள். அவற்றின் இடைவெளியை 0.7-ஆல் பெருக்கினால் ஆழம். இடைவெளி 140 சென்டிமீட்டர் என்றால் ஆழம் 98. அசல் உச்சம் இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கேமரா சாய்ந்து கிடக்கிறது அல்லது பக்கத்தில் இரும்பு ஏதோ இருக்கிறது. ஓர் அடி நகர்த்தி மறுபடி எடுங்கள். கேமரா செங்குத்துக் குழாயில் நிற்கும்போது இந்தக் கணக்கு செல்லாது.

இன்னொன்று: சோண்ட், லென்ஸுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். எவ்வளவு பின்னால் என்பது கருவிக்குக் கருவி மாறும். உள்ளே விடுமுன் கேமராவைத் தரையில் போட்டு லொக்கேட்டரால் உச்சத்தைப் பிடித்து, அங்கிருந்து லென்ஸ் வரை டேப்பால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் தெரியும் விரிசல் அந்த அளவு முன்னால் இருக்கிறது.

படி 5: படத்தில் என்ன பார்ப்பது

இணைப்பில் நூல்போல வேர் தொங்கினால் இப்போதைக்கு வெட்டிச் சமாளிக்கலாம். கொத்தாக அடைத்திருந்தால் அந்த இணைப்பே போய்விட்டது. நீளவாக்கு விரிசல் மேலே உள்ள பாரத்தால், வளைய விரிசல் அடிமண் இறங்கியதால் வருவது. வார்ப்பிரும்பில் அடிப்புறத்தைப் பாருங்கள், மேல்பாதி நன்றாக இருக்கும்போதே நீர் ஓடும் தடம் மட்டும் அரித்து ஓட்டை விழுந்திருக்கும். நடுவே பழுதுபார்த்துச் சேர்த்த பிவிசித் துண்டின் விளிம்பு நீருக்கு எதிராக நீட்டிக்கொண்டிருந்தால், அடிக்கடி அடைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

லென்ஸ் தண்ணீரில் மூழ்கி மறுபடி வெளியே வந்தால் குழாய் தொய்ந்திருக்கிறது. மூழ்கிய, எழுந்த இரண்டு கவுன்ட்டர் அளவுகளையும் எழுதுங்கள். அடுத்த சேம்பர் வரை மூழ்கியே இருந்தால் அது தொய்வாக இருக்காது, கீழே அடைப்பு. முதலில் கீழ்ச் சேம்பரைப் பாருங்கள்.

தொய்வை உறுதிசெய்ய வாட்டம் பார்க்க வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 வழக்கம்: 20 அடிக்கு 6 அங்குலம் இறங்க வேண்டும். 6 அங்குலக் குழாய்க்கு 60-க்கு 1. வழியில் நான்கைந்து இடத்தில் சோண்ட் ஆழம் எடுத்து, சேம்பர் அளவுகளோடு வைத்துப் பாருங்கள். தரையே ஏறி இறங்கும் என்பதால் டியூப் லெவலால் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) எல்லாப் புள்ளிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கழிக்க வேண்டும்.

படி 6: குறித்து வைப்பது

பெயின்ட் அழியும், ஆணியை யாராவது பிடுங்குவார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து தூரத்தை அளந்து காகிதத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களும் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் புள்ளியை மீட்கலாம். தோண்டும்போது கடைசி ஓர் அடியைக் கையால் தோண்டுங்கள். சோண்ட் சொல்வது தன் நடுப்புள்ளியின் ஆழம். குழாயின் மேல்புறம் அதற்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் முன்பே தட்டுப்படும்.

பின்சேர்க்கை: கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தின்மேல் சத்தம் கலங்குகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். தளத்தின் மேல் எடுத்த ஆழத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்ணின்மேல் ஒவ்வொரு புள்ளி எடுத்து, இரண்டுக்கும் நடுவே நூல் கட்டி, தூரத்துக்குக் கவுன்ட்டரையும் இணைப்பு எண்ணிக்கையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி, படத்தில் ஒன்றும் தெரியவில்லை, சுவர் மட்டும் ஓதம் அடிக்கிறது என்பது. கீழ்ச் சேம்பரில் குழாய் வாயை ரப்பர் பிளக்கால் அடைத்து, மேல் சேம்பர் வரை நீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து அரைமணி விட்டுப் பாருங்கள். வீட்டுத் தரை டிராப் மட்டத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பாத்ரூமில் பொங்கும். மட்டம் வேகமாக இறங்கினால் கசிவு அந்த இரண்டு சேம்பருக்கு நடுவில்தான். பெரும்பாலும் கேமராவுக்குச் சரியாகத் தெரியாத சிமென்ட் இணைப்பு, அல்லது சேம்பரின் பூச்சே.