குசினித் தண்ணீரைக் கல்வாழைக்குக் கொடுங்கள்

கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீரின் நிறத்தை நான் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டுக் குசினித் தண்ணீரும் கான் வழியாக அங்கேதான் போய்ச் சேருகிறது. வளவில் வெயில் விழும் ஒரு மூலை இருந்தால், கல் நிரப்பிய கிடங்கில் கல்வாழை நட்டு அந்தப் பங்கையாவது நாமே சுத்தம் செய்து விடலாம். ஆளுக்கு 1 சதுர மீட்டராவது வேண்டும், நாலு பேர் வீட்டுக்கு 4 சதுர மீட்டர், ஒரு இரட்டைக் கட்டிலைவிடப் பெரிய இடம். மலசலகூடத் தண்ணீர் மட்டும் இதற்குள் வரவே கூடாது.

முதலில் எண்ணெயைப் பிடியுங்கள். மூடியுள்ள பெரிய வாளியில் தண்ணீர் மேலே விழட்டும், வெளியே போகும் குழாயின் வாய் உள்ளே அடிப்பக்கமாக இறங்கி இருக்கட்டும். எண்ணெய் மிதந்து ஆடை கட்டும், வாரம் ஒருமுறை அதை வழித்து எடுத்துக் குப்பையில் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சில மாதங்களில் கல்லெல்லாம் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் 2 அடி ஆழக் கிடங்கு, அடியில் தடித்த பொலித்தீன். தண்ணீர் நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் கைப்பிடி அளவுக் கற்கள், நடுவில் அரை அங்குலச் சல்லிக்கல். சல்லியைக் கழுவாமல் போடாதீர்கள்; நாங்கள் நாலு தடவை கழுவிய பிறகும் வாளியில் சாம்பல் நிறச் சேறு அடிதங்கியது, அந்தத் தூள்தான் பின்னர் ஓட்டத்தை அடைக்கும். வெளிக்குழாயை அடியிலிருந்து எடுத்து, வெளியே ஒரு எல்போ (வளைந்த குழாய் இணைப்பு) போட்டு உயர்த்துங்கள். தண்ணீர் கல்லின் மேல்மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே நிற்க வேண்டும். மேலே ஈரம் தெரியக் கூடாது, தெரிந்தால் நுளம்பு முட்டையிடும், கொழும்பில் டெங்கு என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கல்வாழைக் கிழங்கை முளையோடு வெட்டி ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். சம்பும் வெட்டிவேரும் நல்லவை. வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரம் நல்ல தண்ணீர் விட்டு, பிறகுதான் குசினித் தண்ணீர். அழுக்கைத் தின்பது பெரும்பாலும் வேரிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள். நைதரசனையும் பொசுபரசையும் செடி எடுத்துக்கொள்ளும். பிளீச் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும், அதனால்தான் அதை ஊற்றக் கூடாது. எங்கள் வீட்டில் ஒருமுறை யாரோ அரைப் போத்தல் ஊற்றிவிட, ஒரு கிழமை நாற்றம் தாங்க முடியவில்லை. பூத்து முடிந்த தண்டுகளை வெட்டி வெளியே எடுங்கள், அங்கேயே அழுகவிட்டால் எடுத்த சத்தெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போகும்.

கராஜ், பற்றரிக் கடை இருந்த நிலம் என்றால் கதை வேறு. அங்கே மண்ணில் ஈயம் கலந்திருக்கலாம், அது அழுகி மறையாது. கடுகு, சூரியகாந்தி போன்றவை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும், வருடக் கணக்காகும், அந்தச் செடியை உரமாக்கவும் எரிக்கவும் கூடாது. கங்குன் கீரையும் அப்படித்தான், அழுக்குத் தண்ணீரில் நின்றால் உலோகங்களைத் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே கிடங்கில் கங்குன் நடாதீர்கள், சந்தையில் வாங்கும்போதும் எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள். கிடங்கிலிருந்து வரும் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாமல் வாழை மரத்தடிக்கு விடுங்கள்.